நாலாம் நம்பர் பெட்டி

விண்கலம் திரும்பிக்கொண்டிருந்தது.

போன வாரமும் அது திரும்பிக்கொண்டுதான் இருந்தது. டீச்சர் நடுவில் மாடிக்குப் போய்த் துணி காயப்போட்டு, அது காய்ந்து, மடித்து அலமாரியில் அடுக்கிவிட்டு வந்து பார்த்தாள். இன்னும் திரும்பி முடிக்கவில்லை.

“இந்தக் கப்பலை ஓட்டுறவனுக்கு லைசென்ஸ் கொடுத்தது யாருங்க?” என்றாள்.

“ம்,” என்றார் டைம் கீப்பர், ரிமோட்டைக் கையில் பிடித்தபடி.

அவளுடைய கணவர்தான். பஸ் டெப்போவில் முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் சூரியனே உதித்தது என்பார்கள் டிரைவர்கள். அப்படிப்பட்ட மனுஷர் இந்த ஆமைத் தொடரை எட்டு எபிசோடாகப் பொறுமையாகப் பார்ப்பது உலகத்தின் ஒன்பதாவது அதிசயம்.

எட்டாவது, அவளும் பார்ப்பது.

விண்வெளியில் கதவு கிறீச்சிடுகிறது! காற்றில்லாத இடத்தில் சத்தம் கேட்காது என்று ஒன்பதாம் வகுப்புக்கு முப்பது வருஷம் தொண்டை கிழியச் சொன்னவள் அவள். கதையும் நகராது. அவர் டீ கேட்பார், போட்டுக்கொண்டு வந்தால் விட்ட இடத்திலேயே நிற்கும். ஆனால் திடீரென்று திரை முழுக்க இருட்டும் நட்சத்திரமுமாக விரியும்போது அவளுக்கு வந்த கொட்டாவி பாதியில் நின்றுவிடும். அதையும் மறுக்க முடியவில்லை.

கலத்துக்குள் ஐந்து கண்ணாடிப் பெட்டிகள். ஐந்திலும் ஆட்கள் உறைந்து தூங்குகிறார்கள்.

நாலாம் நம்பர் பெட்டிக்குள் மொட்டைத் தலையும், மூக்கில் குழாயும், முகமெல்லாம் வெள்ளைப்பூச்சுமாகக் கிடப்பது அவர்கள் மகன்.

சர்வே ஆபீஸ் வேலையை விட்டு நடிக்கப் போகிறேன் என்று அவன் சொன்ன அன்றைக்கு, “அப்ப இந்த வீட்டுப் பக்கம் வராதே” என்றார் இவர். அவனும் வரவில்லை. அப்பனும் பிள்ளையும் பேசி ரெண்டு வருஷத்துக்கு மேலாகிறது.

தொடர் தொடங்கிய அன்று அவன் போனில் அவளிடம் சொன்னான்: “அப்பாகிட்ட நீ சொல்லிடாதம்மா. அவரே என்னைக் கண்டுபிடிச்சு, அவரே கூப்பிடட்டும். இல்லைன்னா விட்டுடு.”

சத்தியத்தை மீறாமல் அவளும் என்னென்னவோ செய்து பார்த்தாள்.

“அந்த நாலாவது பெட்டிக்காரன் மூக்கு யாரு மாதிரியோ இல்ல?”

“மூக்கு மூக்கு மாதிரிதான் இருக்கும் டீச்சர்.”

இன்றைக்குக் கடைசி எபிசோடு. இதில்தான் அவன் கண் திறக்கிறான். ஒரே ஒரு வசனம். இதிலும் தெரியாவிட்டால் இனி எதில் தெரியப்போகிறது?

கண்ணாடி மூடி விலகியது. விலகியது. விலகிக்கொண்டே இருந்தது. அதற்குள் ஒரு குழந்தை பிறந்து, வளர்ந்து, பள்ளிக்கூடம் சேர்ந்திருக்கலாம்.

டீச்சர் திரையைப் பார்க்கவில்லை. சோபாவையே பார்த்தாள்.

மகன் கண் திறந்தான். “நான் எவ்வளவு நேரமா தூங்கிட்டிருக்கேன்?” என்றான்.

டைம் கீப்பர் காதைக் குடைந்தார். “ஒரு டீ போடேன் டீச்சர்.”

அவள் போட்டாள். போட்ட வேகத்தில் டீத்தூள் பாதி அடுப்பில் விழுந்தது. பெற்ற பிள்ளையின் முகம் தெரியாத மனுஷனுக்கு டீ ஒரு கேடு! கையில் கிடைத்த மூடியை எடுத்து ஏழு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி போட்டாள்.

“நான் எவ்வளவு நேரமா தூங்கிட்டிருக்கேன்?” என்றது கூடத்திலிருந்து டிவி.

இன்னுமா இவனுக்கு யாரும் பதில் சொல்லவில்லை? டீயை வடிகட்டி ரெண்டு டம்ளரில் ஊற்றினாள்.

“நான் எவ்வளவு நேரமா தூங்கிட்டிருக்கேன்?”

டீச்சர் கதவோரமாக எட்டிப் பார்த்தாள்.

டைம் கீப்பர் சோபாவில் இல்லை. டிவிக்கு ஒரு முழம் தள்ளித் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். ரிமோட்டை அழுத்தினார். மகன் கண்ணை மூடிப் பின்னால் சாய்ந்தான். மூடி சரிந்து மூடிக்கொண்டது. மறுபடி விலகத் தொடங்கியது.

கதை நகரவில்லை என்று எட்டு எபிசோடாக வாய்க்கு வந்தபடி திட்டிய அந்த டைரக்டரிடம், டீச்சர் நின்ற இடத்திலேயே மனசார மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

டைம் கீப்பரின் இன்னொரு கையில் போன் இருந்தது. கட்டைவிரல் அழுத்தாமல் அதன் மேலேயே நின்றது.

“நான் எவ்வளவு நேரமா தூங்கிட்டிருக்கேன்?”

“ரெண்டு வருஷம், நாலு மாசம், பதினோரு நாள்டா,” என்றார் டைம் கீப்பர்.

டீச்சர் சத்தமில்லாமல் பின்வாங்கினாள். ஆவி பறந்துகொண்டிருந்த ரெண்டு டம்ளர் டீயையும் பாத்திரத்திலேயே திரும்ப ஊற்றினாள்.

“டீ இன்னும் கொதிக்கலைங்க!” என்று கூடத்தைப் பார்த்துக் கத்தினாள்.