சில்லிட்ட கை

"நெஞ்சுவலிங்க. திருக்கோவிலூர் ஆஸ்பத்திரிக்குப் போறோம். கொஞ்சம் வழி வுடுங்க."

மச்சினன் பழனி காரிலிருந்து கெஞ்ச, பின்சீட்டில் தனசேகரன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முனகினார்.

அவருக்கு ஒன்றும் இல்லை. திருக்கோவிலூரில் மகள் மணிமொழிக்கு நிச்சயதார்த்தம். மனைவியும் மகளும் முன்பே போய்விட்டார்கள்.

அது எண்பத்தேழாம் வருடம். இடஒதுக்கீடு கேட்டு மறியல். களமருதூர் தாண்டியதும் புளியமரத்தை வெட்டி ரோட்டில் சாய்த்திருந்தார்கள்.

"இப்படித்தான் எல்லாரும் சொல்லிக்கினு வர்றாங்க" என்றான் ஒருவன்.

மறியலுக்குத் தலைமை தாங்கிய பூமாலை வந்து காருக்குள் குனிந்து பார்த்தார். தனசேகரனின் கையைப் பிடித்தார்.

"மெய்யாலும் வலிதான்டா. மரத்த நவுத்துங்க."

கார் நகர்ந்தது. "நல்லா ஏமாந்துட்டான் மாமா" என்று சிரித்தான் பழனி.

தனசேகரன் சிரிக்கவில்லை. "அந்த ஆள் கை இந்த வெயில்ல ஐஸ் மாதிரி இருந்துது. ஈரம் வேற. போன வருஷம் எனக்கு அட்டாக் வந்தப்ப என் கை அப்படித்தான் இருந்துது. வண்டியத் திருப்பு."

"பொய் தெரிஞ்சா நம்மள சும்மா வுட மாட்டாங்க. அங்க மாப்ள வூட்டுக்காரங்க..."

"திருப்புடா."

பூமாலை மரத்தின் மேல் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தார். உதடு வெளுத்து, மூச்சு மேலும் கீழுமாக வாங்கியது.

"இன்னா பண்ணுதுங்க?"

"காலையிலேர்ந்து நெஞ்ச அமுக்குது. வாயு." பேச்சு குழறியது. "ஒண்ணுக்கும் போவல."

தனசேகரன் கூட்டத்தைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் இல்ல. பொய் சொன்னேன். இவருக்குத்தான் நெஞ்சுவலி. தூக்குங்க."

ஒருவன் அவர் சட்டையைப் பிடித்தான். அதற்குள் பூமாலை சரிந்தார். சட்டையைப் பிடித்த கையே பூமாலையைத் தூக்கிக் காரில் சாய்த்து உட்கார வைத்தது.

"மாரடைப்பு" என்றார் திருக்கோவிலூர் டாக்டர். "இதயத்துல பாதிச் சதை அடிபட்டுப்போச்சு. ரத்தத்தத் தள்ள அதுக்குத் தெம்பு இல்ல. அதான் கை சில்லுன்னு ஆயி, வேர்த்து, ஒண்ணுக்கும் போவாம, மூச்சு வாங்குது. வாயுன்னு இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தா அவ்வளவுதான்."

ஊசி போட்டு உடனே பாண்டிச்சேரிக்கு அனுப்பினார். மறியலை விட்டு யாரும் வராததால் உடன் போக வேறு ஆள் இல்லை. அதே காரில் தனசேகரனே கூட்டிப்போனார். நிச்சயதார்த்தம் அவர் இல்லாமலே முடிந்தது.

பத்து நாள் கழித்துப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனார். தலையணையில் சாய்ந்திருந்த பூமாலை மெதுவாகக் கேட்டார்.

"பொண்ணு நிச்சயம் நல்லபடியா நடந்துதுங்களா?"

தனசேகரன் திகைத்தார். "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கார்ல குனிஞ்சப்பவே பாத்தேனே, தாம்பாளமும் பட்டுப்புடவையும். நெசத்த சொன்னா பசங்க வுட மாட்டானுங்க. எனக்கும் ஒரு பொண்ணு இருக்குதுங்க. அதான் நானும் உங்களோட சேந்து பொய் சொன்னேன்."