அந்தி நேரக் குறி

"துப்பாக்கி மேல மாட்டுவாங்களே, அந்த ஸ்கோப்பு இருக்குதாண்ணா? விலை கையைக் கடிக்கக் கூடாது. ஆனா நல்லா உழைக்கணும்."

பொன்னேரி கடைத்தெருவில் பிரபாகரனின் கடைக்கு வந்து இப்படிக் கேட்டவருக்கு நாற்பது வயதிருக்கும். பழவேற்காட்டிலிருந்து வருவதாகச் சொன்னார். பேரைச் சொல்லவில்லை.

பழவேற்காடு என்றதுமே பிரபாகரன் உஷாரானார். போன வருடம் தன்னிடம் ஸ்கோப் வாங்கிய ஒரு புண்ணியவான், ஏரியில் பூநாரையைச் சுட்டு மாட்டிக்கொண்டான். பறவைச் சரணாலயத்தில் வேட்டை என்றால் சும்மாவா? ஏர்கன், டார்ச், பைனாகுலர் என்று விற்றுப் பிழைக்கிற கடைக்கு முன்னால் வனத்துறை ஜீப் வந்து நின்றது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் கடைக்குப் பூட்டுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இந்தக் கடையை விட்டால் பிரபாகரனுக்கு வேறு பிழைப்பு தெரியாது.

"பைனாகுலர் காட்டட்டுமா சார்? பறவை பாக்க வர்றவங்க அதான் வாங்குறாங்க" என்று ஆழம் பார்த்தார்.

"அது கை ஆடுதுண்ணா. குறி வெச்சா வெச்ச எடத்துல அப்படியே நிக்கணும்."

சரிதான், ஆள் அந்த ரகம்தான் என்று நினைத்துக்கொண்டே பிரபாகரன் மூன்று ஸ்கோப்புகளை எடுத்து வைத்தார். பயம் ஒரு பக்கம் இருந்தாலும், சரக்கைக் கையில் எடுத்துவிட்டால் அவருக்கு வாய் சும்மா இருக்காது. மலிவானதை வாங்காதீர்கள், உப்புக்காற்றில் ஒரே மாதத்தில் உள்ளே ஆவி படிந்துவிடும் என்றார். உசத்தியானது இருபது மடங்கு பெரிதாக்கும். ஆனால் அதில் தெரிகிற இடம் குறுகல், தேடிப் பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். நடுவில் இருப்பதுதான் தோது. ஒன்பது மடங்கு, ஒரே அலுமினியக் குழாய், மங்கலிலும் வெளிச்சம் வாங்குகிற அகலமான முன்கண்ணாடி. சொன்னதோடு விடாமல் அதைத் தண்ணீர் வாளியில் முக்கி எடுத்துத் துடைத்தும் காட்டினார்.

வந்தவர் அதைக் கண்ணில் வைத்து எதிர்க் கடை மாடியைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"சூரியன் எறங்கினப்புறம்தான் வரும். தண்ணிக்கு மேல தாழ்வா. வந்தா கொஞ்ச நேரந்தான், போயிடும். அதுக்குள்ள புடிச்சிடலாம் இல்ல?"

என்ன வரும் என்று பிரபாகரன் கேட்கவில்லை. தெரிந்துகொண்டு விற்றால் அது இன்னும் பெரிய வம்பு.

"போன வருஷம் ஆரம்பாக்கத்துக்காரங்களுக்குக் கெடைச்சிடுச்சு, எங்களுக்குக் கெடைக்கல" என்று வந்தவர் தாமாகவே தொடர்ந்தார். "மறுநாள் அங்க வூட்டுக்கு வூடு கறி கொதிக்குது. எங்க ஊரே வயித்தக் கட்டிக்கினு கெடந்துச்சு. அங்க இருக்கிற என் மச்சான் இன்னிக்கி வரைக்கும் சொல்லிக் காட்டுறாரு. இன்னிக்கி சாயங்காலம் வுட்டா மறுபடியும் அதே கததான்."

அடப்பாவி, ஊரோடு சேர்ந்தா பறவையைத் தின்கிறார்கள் என்று பிரபாகரனுக்குப் பகீரென்றது. எந்தத் துப்பாக்கி என்று சொன்னால் அதற்கேற்ற கிளாம்பு தருவதாகச் சொன்னார். அதெல்லாம் வேண்டாம், தானே கட்டிக்கொள்வதாக அவர் சொல்லிவிட்டார். அப்படியானால் லைசென்ஸ் இல்லாத நாட்டுத்துப்பாக்கியாகத்தான் இருக்க வேண்டும். டீ சொல்லட்டுமா என்றதற்கும் வேண்டாம் என்று தலையாட்டினார். நாலு பேர் கண்ணில் படாமல் போகப் பார்க்கிறார் என்று அதற்கும் ஓர் அர்த்தம் கிடைத்தது.

போகும்போது வாசலில் நின்று, "ஊர்ல யார்கிட்டயும் சொல்லிடாதீங்கண்ணா. பெரியவங்க காதுக்குப் போனா திட்டுவாங்க" என்றார்.

அவர் தெருமுனை தாண்டியதும் பிரபாகரன் போனை எடுத்தார். வெளியூரிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்திருந்த வனக்காவலர் மோகன்குமாரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தார். ஆளை அடையாளம் காட்ட நீங்களும் வர வேண்டும் என்று மோகன்குமார் சொல்லிவிட்டார்.

அன்று மாலை இருவரும் பழவேற்காட்டுப் பாலத்தடியில், கவிழ்த்துப் போட்ட படகுக்குப் பின்னால் குந்தியிருந்தார்கள். கொஞ்ச தூரத்தில் அந்த ஆள் தனியாக மூன்று மூங்கில் கழிகளைக் கட்டி நிறுத்தி, அதன் மேல் ஸ்கோப்பை இறுக்கிக்கொண்டிருந்தார். ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகள் கூட்டமாக நின்றன. சூரியன் இறங்கியது. அவர் பையிலிருந்து எதையோ எடுத்து வாயில் போட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, ஸ்கோப்பில் கண்ணை வைத்தார்.

"துப்பாக்கி எங்கய்யா?" என்று மோகன்குமார் கிசுகிசுத்தார்.

"எங்கனா மறைச்சி வெச்சிருப்பான் சார்."

கடை, பூட்டு, ஜீப் எல்லாம் பிரபாகரன் கண்முன் வந்து போயின. நானே விற்றேன், நானே காட்டிக்கொடுக்கிறேன் என்று மனசு ஒரு பக்கம் குத்தியது. ஸ்கோப் பூநாரைகளைத் தாண்டி மெல்ல மெல்ல மேற்கே நகர்ந்தது. சட்டென்று அந்த ஆள் அசையாமல் நின்றார். கை சட்டைப் பைக்குள் போனது.

மோகன்குமார் பாய்ந்து போய் அவர் தோளைப் பிடித்தார். அந்த ஆள் ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. பையிலிருந்து வந்த கையில் போன் இருந்தது.

"ஹஜ்ரத், ரியாசுதீன் பேசுறேன். அந்தக் கரைப் பனைமரத்துக்கு நேர் மேல பிறை நிக்குது, எல்லாரையும் வெறுங்கண்ணாலயே பாக்கச் சொல்லுங்க, கண்ணாடி வெச்சுப் பாத்தா பெரியவங்க ஒத்துக்க மாட்டாங்க, நாளைக்குப் பெருநாள்னு பள்ளிவாசல்ல அறிவிச்சிடுங்க" என்று சொல்லி முடித்துத் திரும்பியவர், பின்னாலேயே வந்து நின்ற பிரபாகரனைப் பார்த்ததும் சிரித்தார். "வாங்கண்ணா, காலையில நோன்பு, அதான் டீ வேணாம்னேன்; இப்ப சாப்பிடலாம்."