ஒன்பதரை விரல்கள்

பிளக்கைக் கழற்றாமல், மரத்தில் குழி வெட்டும் ரூட்டர் மெஷினில் வெட்டும் முனையான பிட்டை மாற்றப்போய் ஞானதாஸுக்கு அரை விரல் போனது. அன்றிலிருந்து பிட் மாற்றும்போதெல்லாம் அவருடைய மனைவி மெர்சி பிளக்கைப் பிடுங்கிக் கைக்குள் பொத்திக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவாள். மாற்றியதும் அவர் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்ட வேண்டும்.

"போலீஸ்ல மாட்டுனவன் மாதிரி நிக்க வைக்கிறியே!"

"ஒம்பதரையும் இருக்கு. எறக்குங்க" என்ற பிறகுதான் பிளக்கைத் தருவாள்.

அவளை அடக்கம் செய்தபின் இன்றுதான் பட்டறையைத் திறந்தார். ஒரு கதவுக்குப் பூட்டுக்குழி வெட்ட வேண்டும். பிளக்கைக் கழற்றி அவளுடைய ஸ்டூலின்மேல் வைத்தார். பிட்டை மாற்றி இறுக்கினார். ஸ்டூலைப் பார்த்துக் கைகளைத் தூக்கினார்.

தோள் கடுக்கத் தொடங்கியது. யாராவது சொன்னால்தானே இறக்குவது.