சேற்றில் இறங்கிய அல்லி

காட்டு யானை அல்லிக்கு உடம்பில் மண் ஒட்டினாலே பிடிக்காது. உடனே ஆற்றில் இறங்கி, கல்லில் தேய்த்துக் குளித்துவிடும். பனிக்காலத்தில் அதன் தோல் வறண்டு வெடித்தது. அரிக்க அரிக்க இன்னும் அழுத்தித் தேய்த்தது, எரிச்சல்தான் கூடியது.

கரையோரச் சேற்றில் கிடந்த மாரி என்ற எருமைக்குப் பொறுக்கவில்லை. "தோலோட ஈரப்பசையை நீயே கழுவிட்டா வெடிக்காம என்ன செய்யும், அக்கா? உடம்பு காயறதுக்குள்ள வந்து சேத்துல புரளு."

"உன்னை மாதிரி அழுக்காவா?" அல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

குளிர்காற்று பட்டதும் முதுகு தீயாய் எரிந்தது. மாரி கண்ணயரும்வரை காத்திருந்து, அல்லி மெல்லச் சேற்றில் சாய்ந்தது. எரிச்சல் அடங்கியது.

அந்த வழியாக வந்த மான், "ஐயையோ, அல்லி அக்கா சேத்துலயா!" என்று சிரித்தது.

"சத்தம் போடாதே," என்றது அல்லி. "மாரி தூங்குறா."