ஒரே பேரில் இரண்டு

இன்னும் கொஞ்சம் கிட்டே வாங்க கண்ணுகளா, கட்டபெட்டு டீ பாக்டரியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

மேனேஜர் பாலசுப்பிரமணியம் தன் கையாலேயே ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்ததும், அங்கே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் வேலாமணி அதைத் தொடாமல் தள்ளி வைத்தாள். யாரை வேலையை விட்டு நிறுத்தினாலும் முதலில் டீ கொடுப்பது அவர் வழக்கம். தேயிலை விலை சரிந்ததிலிருந்து அந்த டீயைக் குடித்துவிட்டுப் போனவர்கள் ஏராளம்.

"அந்தப் புரோகிராம் ஓடுதுங்களா அம்மிணி?" என்று கேட்டபடி ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவர் கையிலும் ஒரு டம்ளர் இருந்தது.

கட்டபெட்டிலும் கோத்தகிரியிலுமாக முதலாளிக்கு இரண்டு பாக்டரிகள், இரண்டுக்கும் ஒரே வெப்சைட். அதற்குள் யார் நுழையலாம் என்று பெயரைச் சேர்ப்பதும் எடுப்பதும் அந்தச் சின்னப் புரோகிராமின் வேலை. காலையிலிருந்து அது, 'லைப்ரரி' ஒன்றைக் காணோம் என்று சொல்லிச் சொல்லி நின்றுகொண்டிருந்தது; லைப்ரரி என்றால் புத்தக சாலை இல்லை கண்ணுகளா, பல புரோகிராம்கள் பொதுவாக எடுத்துப் பயன்படுத்தும் ஒரு கம்ப்யூட்டர் ஃபைல்.

மத்தியானத்துக்குள் ஒரு பெயரை எடுக்கச் சொல்லி ஹெட் ஆபீஸ் உத்தரவாம். யார் பெயர் என்று அவர் சொல்லவில்லை. தன் பெயராகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதிக்கிறது.

இது ஓடாமலே கிடக்கட்டுமே என்றுகூட நினைத்தாள். ஆனால் பழகிய கை சும்மா இருக்குமா? தேடிப் பிடித்துவிட்டாள்.

லைப்ரரி இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் முழுப்பெயர் நீளம், வால் மாதிரி எண்கள். பக்கத்திலேயே, அதைச் சுட்டிக்காட்டும் குட்டிப் பெயர் ஒன்று இருக்க வேண்டும். புரோகிராம் அந்தக் குட்டிப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடும். அதைத்தான் காணோம்.

அழித்தது அவளேதான். ஒரே வேலைக்கு இரண்டு இருந்தால் ஒன்றைத் தூக்கு என்று போன வாரம் பாக்டரி முழுக்க உத்தரவு போட்டவர் மேனேஜர். இரண்டு தராசில் ஒன்று போயிற்று, இரண்டு வாட்ச்மேனில் ஒருவர் போனார். ஒரே பேரில் இரண்டைப் பார்த்ததும் இவள் சின்னதை அழித்துவிட்டாள்.

அவள் இதைச் சொன்னதும், "அப்ப ரெண்டுமே வேணுங்களா?" என்றார் மேனேஜர்.

"ஆமாங்க சார். ஒண்ணு வேலை செய்யுது, இன்னொண்ணு அதுக்கு வழி காட்டுது."

அவர் சிரித்தார். அந்த உத்தரவை ஹெட் ஆபீசுக்கும் ஒரு நகல் அனுப்பியிருந்தாராம். அங்கே எல்லோருக்கும் ரொம்பப் பிடித்துப்போயிற்றாம்.

வேலாமணி ஒரே வரியில் குட்டிப் பெயரைத் திரும்ப வைத்தாள். புரோகிராம் ஓடியது. ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, அவர் சொல்லுமுன்பே தன் பெயரின் முதல் எழுத்தை அடித்தாள்.

பாலசுப்பிரமணியம் தன் காலி டம்ளரை அவள் டம்ளர் பக்கத்தில் வைத்தார்.

"அது இல்லீங்க அம்மிணி. ரெண்டு பாக்டரிக்கும் கோத்தகிரி மேனேஜர் ஒருத்தரே போதுமாம். என் பேரை எடுத்துடுங்க."

உங்கள் வீட்டுப் பெயர் ஒவ்வொன்றும் இருக்கிற இடத்திலேயே நிலைத்திருக்கட்டும், கண்ணுகளா.