காலி சீட்

"ராஜஸ்தான்ல சோறு கெடைக்குமாடா?" என்று கேட்டாள் முனியம்மா.

"கெடைக்காதும்மா. ரொட்டிதான்," என்றான் மகன் ஜான்சன், ரொம்ப வருத்தமாக.

பொங்கல் லீவோடு இன்னும் கொஞ்சம் லீவு சேர்த்து, தானும் மனைவி பிரிசில்லாவும் காரிலேயே ராஜஸ்தானை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை சுற்றிவிட்டு வரப்போகிறோம் என்று அவன் அறிவித்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் ஆம்பூர் வீட்டுக் கூடத்தில் குடும்பமே கூடிவிட்டது. 'நாங்களும் வரலாமா' என்று யாரும் கேட்கவில்லை. யாருக்கு எந்த சீட் என்பதுதான் பேச்சே.

அந்தக் குடும்பத்து வழக்கம் அப்படி. ஒரு வண்டி கிளம்பினால் அதில் ஒரு சீட்கூடக் காலியாகப் போகக் கூடாது. போனால் சொந்தபந்தம் இல்லாதவர்கள் என்றல்லவா ஊர் நினைக்கும்? ஜான்சன் வாங்கியிருந்ததோ ஏழு பேர் உட்காரும் பழைய வண்டி. அவர்கள் கணக்கில் ஏழு என்றால் பதினொன்று.

கல்யாணம் ஆன புதிதில் ஊட்டிக்குத் தேனிலவு போனதும் இப்படித்தான். மாப்பிள்ளை டிரைவர் பக்கத்தில். பெண் கடைசி சீட்டில், நாத்தனார் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு. அதற்குப் பிறகும் ஒன்றும் மாறிவிடவில்லை. வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில் அவனுக்குக் கட்டிங் பிரிவு, அவளுக்கு ஸ்டிச்சிங். சாப்பாட்டு நேரம்கூட வேறு வேறு.

"நாம ரெண்டு பேர் மட்டும் உக்காந்து ஒரு டீ குடிச்சிருக்கோமா?" என்று போன மாதம் பிரிசில்லா கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பான். சாதாரணமாகத்தான் கேட்டாள். அது அவனைப் போட்டு உலுக்கிவிட்டது. இந்தத் தடவை எப்படியும் அவளைத் தனியாகக் கூட்டிப்போவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டான்.

ஆகவே யாரையும் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. பயணத்தை மட்டும் பொறுமையாக விளக்கினான்.

சாமுவேல் சித்தப்பா வழி கேட்டார். நாட்றம்பள்ளி, கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூரு என்று மளமளவென்று சொன்னவன், அதற்கு மேல் கையை வடக்குப் பக்கம் நீட்டி, அப்படியே நேராக என்று முடித்துக்கொண்டான். சித்தப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. வழியில் பாத்ரூம் எப்படி என்று கேட்டார். பாலைவனத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் மணல்தான், மறைவுக்கு ஒரு செடிகூட இருக்காது என்றான் ஜான்சன். சித்தப்பாவுக்கு உடனே ஊரில் ஏதோ ஒரு கல்யாணம் ஞாபகம் வந்தது.

அக்கா ஜாஸ்மினின் கணவர் பிரேம்நாத், ஞாயிற்றுக்கிழமை பிரியாணி இல்லாவிட்டால் திங்கட்கிழமை வேலைக்குப் போகாத மனிதர்.

"கறி இன்னா மாதிரி கெடைக்கும்?" என்றார்.

"பேச்சே கெடையாது மாமா. வழி முழுக்கப் பருப்புதான்."

"முட்டை?"

"அதையும் விசாரிச்சிட்டேன்."

மாமா ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டார். பிறகு இடுப்பு வலி என்றார். மாமா வராததால் அக்காவும் இல்லை. அக்கா வராததால் பிள்ளைகளும் இல்லை. பிள்ளைகள் மட்டும் ஒட்டகம் வேண்டும் என்று அழுது தீர்த்தார்கள்.

அம்மாதான் அசைந்து கொடுக்கவில்லை. அங்கே தமிழில் ஆராதனை கிடையாது என்று பயமுறுத்திப் பார்த்தான். ஆண்டவருக்கு இந்தியும் தெரியும் என்றுவிட்டாள். போதாததற்கு, பிரிசில்லா பெட்டியில் ஸ்வெட்டரை மடித்து வைப்பது வேறு அவள் கண்ணில் பட்டது.

"பாலைவனத்துக்கு எதுக்கும்மா ஸ்வெட்டரு?"

"ராத்திரில குளிருமாம் அத்தை," என்றாள் பிரிசில்லா, நிமிராமல்.

கடைசியில் அம்மாவை மடக்கியது அந்தக் குடும்ப வழக்கமேதான். ஏழு சீட் வண்டியில் மூன்றே பேர் போவதை நினைத்துப் பார்த்தாள். அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது. "நீங்க ரெண்டு பேரும் எப்படியோ போய்ட்டு வாங்க. என்னால அந்த வண்டில ஏற முடியாது," என்றாள். ஜான்சனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அதைக் காட்டிக்கொள்ளாமல் வாசலுக்குப் போய் வண்டியைத் துடைத்தான்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அம்மா ஒரு தூக்கு நிறைய முறுக்கோடு வாசலில் வந்து உட்கார்ந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"புள்ளைங்க அழுவுறத பாக்க முடியல. அதான் மாப்ள வேன் பேசிட்டாரு. நாங்களும் நாளைக்கு ஏலகிரி போறோம். லீவு முடியற வரைக்கும் அங்கதான்."

வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த ஜான்சன் கையிலிருந்த துணி நின்றது. "ஏலகிரில எங்கம்மா?"

"ஏரிக்கு எதுருல இருக்குதே, அந்தச் சின்ன லாட்ஜு. மொத்தமே நாலு ரூம்தானாம். மூணு நமக்குக் கெடைச்சிடுச்சி. நாலாவத யாரோ புருஷன் பொண்டாட்டி போன மாசமே புடிச்சி வெச்சிட்டாங்களாம். ரெண்டே பேரு. பாவம், சொந்தம்னு யாருமே இல்ல போல. அவங்களையும் நம்மகூடச் சாப்புடக் கூப்டுக்கலாம்னு மாப்ள சொல்றாரு."

முறுக்கை வைத்துவிட்டு அம்மா உள்ளே போனாள். அந்த நாலாவது ரூமுக்கு அட்வான்ஸ் கட்டியிருந்தவன் துணியை இரண்டு தடவை பிழிந்து கொடியில் போட்டான்.

பிரிசில்லா மெதுவாக வந்து பக்கத்தில் நின்று கேட்டாள்: "ஏங்க, பெங்களூருக்கு அப்புறம் எந்தப் பக்கம் போவணும்?"