வில்லாளிகளின் தூரம்

தமிழ்மொழி தன் அப்பா ஆடும் போர் விளையாட்டின் கோப்பைக் கணினியில் திறந்து, வில்லாளிகளின் அம்பு எத்தனை கட்டம் பாயும் என்று சொல்லும் எண்ணைத் தேடிப் பிடிக்கிறாள். நான்கை அழித்துப் பன்னிரண்டு என்று அடித்துச் சேமிக்கிறாள். கம்பெனி குவார்ட்டர்ஸ் வீட்டின் ஜன்னல் கம்பிகளின் நிழல் விசைப்பலகையில் விழுந்து கிடக்கிறது. வெளியே ஷிப்ட் முடிந்து வருகிற மோட்டார் சைக்கிள்களின் சத்தம். முன்பு அந்தக் கூட்டத்தில் வந்துகொண்டிருந்தவர்தான் அப்பா வைத்திலிங்கம். பக்கவாதம் வந்து ஐந்து மாதமாகிறது. இந்த ஆட்டத்தில் லேசில் தோற்காதவருக்கு இப்போது வலக்கையைத் தூக்கி மவுஸின் மேல் வைக்கவே இடக்கையின் தயவு வேண்டியிருக்கிறது.

ஆட்டம் தொடங்குகிறது. எதிரியின் குதிரைப்படை நெருங்குவதற்குள், அவர் ஒன்றும் செய்யாமலே அம்புகள் பறந்து குதிரைகள் சாய்கின்றன. "ஜெயிச்சுட்டீங்கப்பா!" என்று கைதட்டுகிறாள். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். "வில்லுக்காரனுங்க இவ்ளோ தூரம் அடிக்க மாட்டானுங்களே, தமிழு." வார்த்தைகள் குழறுகின்றன. "நீ மாத்திட்டியா?" அவள் தலை குனிகிறாள். "நீங்க கஷ்டப்பட்டுக்கினு இருக்கீங்களேன்னுதாம்பா." "பழையபடியே வச்சுடும்மா. நான் ஆடிப் பாக்கறேன்."

அவள் மறுபடி நான்கு என்று திருத்துகிறாள். குதிரைகள் வருகின்றன. மவுஸின் குறி நடுங்கி நடுங்கி வில்லாளிகளை நோக்கி ஊர்கிறது. போய்ச் சேருமுன் மதில் இடிகிறது, கோட்டையில் தீப்பிடிக்கிறது. அவள் கை தானாக மவுஸை நோக்கி நீள, "விடும்மா" என்கிறார். எரிந்து முடிந்த கோட்டையின் மேல் குறி நிற்க, அவர் விரல் மவுஸை இன்னும் அழுத்திக்கொண்டே இருக்கிறது.